சுண்டுவிரல் தக்கை

அத்தியாயம் 6

"ஹாய்ட், உன் சுண்டுவிரலை நீட்டு" என்றார் டெல்ஃபா மேடம்.

"மோதிரம் போடப் போறீங்கன்னா என் பொண்டாட்டிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கணும் மேடம்."

அவர் சிரிக்கவில்லை. ஆப்பிள் கூடையின் அடியிலிருந்து எடுத்த ஒரு பிளாஸ்டிக் துண்டை என் சுண்டுவிரலில் மாட்டினார். தையற்காரன் அளவெடுத்துத் தைத்ததுபோல் உட்கார்ந்தது.

"இது என்ன?" என்று கேட்டார்.

"தோட்டாவுக்குள்ள வெடிமருந்துக்கும் ஈய ரவைக்கும் நடுவுல வெக்கிற தக்கை. சுட்டதும் ரவையோட சேர்ந்து வெளியே வந்து விழும்."

"யார் துப்பாக்கியிலேர்ந்து வந்துச்சு?"

"எல்பர்ட் மாமாவோடதுதான். வேற யாரு சுட்டா? அவரே போன் பண்ணிச் சொல்லிட்டாரே."

மேடம் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவர் திரும்பிக்கொண்டால் நான் ஏதோ முட்டாள்தனமாகப் பேசிவிட்டேன் என்று பொருள். மேடம்தான் எங்கள் கவுண்டிக்கு, அதாவது மாவட்டத்துக்கு, போலீஸ் தலைவரான ஷெரீஃப்; பதினோரு வருஷமாக அவருக்கு உதவியாளனாக இருக்கிறேன். அந்த முதுகை எனக்கு நன்றாகத் தெரியும்.

நாங்கள் நின்றது எல்பர்ட் கேகிளின் சமையலறையில். முந்தின நாள், வியாழக்கிழமை காலை ஒன்பதரைக்கு அவர் ஆபீஸுக்குப் போன் செய்தார். எழுபத்தொன்பது வயது. மரம் அறுக்கும் ஆலையில் உழைத்து ஓய்ந்த மனிதர். "நான் கார்லிஸைச் சுட்டுட்டேன். திருடன்னு நினைச்சுட்டேன். வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க" என்றார். போய்ப் பார்த்தோம். பின்வாசல் நிலைப்படியில் கார்லிஸ் கிடந்தார், பக்கத்தில் உருண்ட ஆப்பிள்கள். எல்பர்ட், குழாய் அளவு இருபது நம்பர் உள்ள தன் வேட்டைத் துப்பாக்கியை மேசைமேல் வைத்துவிட்டு, எங்களுக்காகக் காப்பி போட்டுக்கொண்டிருந்தார்.

கார்லிஸ், எல்பர்ட்டின் மனைவி நீவாவுக்குத் தம்பி. நாற்பது வருஷமாக வியாழக்கிழமைதோறும் அக்காவைப் பார்க்க அந்தப் பின்வாசல் வழியாகத்தான் வருவார். பட்டப்பகலில், சொந்த மச்சினனை, கையில் கூடையோடு வந்தவரைத் திருடன் என்று நினைத்ததாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? அரசு வக்கீல் நம்பவில்லை. போன மாதம் சர்ச் விருந்தில், எல்லோரும் பார்க்க, எல்பர்ட்டும் கார்லிஸும் தட்டை வீசிச் சண்டை போட்டிருக்கிறார்கள். "இது வீட்டைக் காப்பாத்தச் சுட்டது இல்ல, கொலை" என்று வக்கீல் திங்கட்கிழமைக்குள் கேஸை முடிக்கத் துடித்துக்கொண்டிருந்தார்.

"வண்டியிலேர்ந்து அந்த இருபது நம்பரை எடுத்துட்டு வா" என்றார் மேடம்.

கொண்டுவந்தேன். குழாயை மேசைமேல் நிமிர்த்திப் பிடிக்கச் சொல்லி, தக்கையை மேலே வாய்க்குள் போட்டார். அது எங்கும் நிற்காமல், அப்பாவின் கால்சட்டைக்குள் விழுந்த குழந்தைபோல் லொடலொடவென்று இறங்கி மேசையில் விழுந்தது.

"இருபது நம்பர் தக்கைன்னா உன் கட்டைவிரல் நுழையணும்" என்றார். "இது நானூத்திப்பத்தோடது. நம்பர் பெருசானாலும், இருக்கிறதிலேயே சின்னக் குழாய்."

"பழைய தக்கையா இருக்கலாம் மேடம். அணில் வேட்டைக்குப் போனப்போ எங்கயோ விழுந்தது."

"ஆப்பிள் நேத்துக் காலையில பறிச்சது. கூடையும் நேத்துத்தான் துடைச்சு வெச்சதுன்னு கார்லிஸோட பொண்டாட்டி சொன்னாங்க. தக்கையில ஆப்பிள் தோலு ஒட்டியிருக்கு, பாரு."

பார்த்தேன். சிவப்பாக ஒட்டியிருந்தது.

மேடம் படுக்கையறைக் கதவருகே போய்க் குனிந்தார். சுவர் மூலையில், பூப்போட்ட காகிதம் ஒரே ஒரு இடத்தில் தேய்ந்து கறுத்திருந்தது. நேர் கீழே, தரைப்பலகையில் எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு பளபளப்பு. எத்தனையோ வருஷம் ஒரே பொருளை ஒரே இடத்தில் சாத்திவைத்த தடம். இருபது நம்பரை அங்கே நிறுத்திப் பார்த்தேன். அதன் வாய் தேய்ந்த இடத்துக்கு ஒரு சாண் மேலே போய் நின்றது.

"குட்டைத் துப்பாக்கி ஒண்ணு இந்த வீட்டுல இருந்திருக்கு" என்றார் மேடம். "இப்ப இல்ல."

பர்ல் கடை கவுண்டியின் ஒரே சாலைச் சந்திப்பில் இருக்கிறது. மாட்டுத்தீவனம், ஆணி, மீன்தூண்டில், தோட்டா எல்லாம் ஒரே கூரையின் கீழ். அக்டோபர் கடைசி, அணில் வேட்டைக் காலம். கடை வாசலில் நான்கு பிக்கப் வண்டிகள். பர்ல் எங்களைப் பார்த்ததும் தலையை ஆட்டிவிட்டு ஒரு வாடிக்கையாளருக்கு உப்புக்கட்டி எடுத்துக் கொடுத்தார். அவர் போகும்வரை மேடம் காத்திருந்தார்.

"நானூத்திப்பத்து யாரெல்லாம் வெச்சிருக்காங்க பர்ல்?"

"சின்னப் பசங்க. முதுகு போன கிழவனுங்க. அப்புறம் நிஜமாவே சுடத் தெரிஞ்சவங்க."

"அது கொசு அடிக்கிற மட்டை ஆச்சே" என்றேன் நான்.

பர்ல் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "அணிலுக்கு, இருபதைவிடப் பெரிய பன்னெண்டு நம்பரைத் தூக்கிட்டுப் போறவன் வீட்டுக்கு வாலை மட்டும்தான் கொண்டு வருவான். நானூத்திப்பத்துல ரவை கம்மி, முப்பது கஜம் தாண்டினா வெறும் சத்தம். அதனால வேட்டைக்காரன் கிட்டப் போகணும், மூச்சைப் பிடிச்சுக் குறி வெக்கணும். ஆனா அடிபட்டது சட்டிக்கு முழுசா வரும். கோழிக்கூண்டுல பாம்பா? கூண்டு தப்பிக்கும், பாம்பு தப்பிக்காது."

"திருடன் வந்தா?"

"உன் வீட்டு சமையலறையில முப்பது கஜம் எங்க இருக்கு? எட்டடியில ரவை பிரியறதுக்கே நேரமில்ல. ஒரே கட்டியாப் போய் விழும். பெருசா வாங்கணும், ஆளைத் தூக்கி எறியணும்னு சொல்றவங்க சொல்லிக்கிட்டேதான் இருப்பாங்க. தோளை உதைக்கிற துப்பாக்கியை யாரும் எடுத்துப் பழகறதில்ல. பழகாத துப்பாக்கி ஆபத்துக்கு உதவாது. உன் மாதிரி ஆளுங்க பன்னெண்டு நம்பரை வாங்கி அடுப்புக்கு மேல மாட்டிட்டு அதுல தூசு தட்டிட்டு இருப்பீங்க."

எங்கள் வீட்டில் அது அடுப்புக்கு மேல்தான் இருக்கிறது.

"எல்பர்ட் மாமா உங்ககிட்ட நானூத்திப்பத்து வாங்கினாரா?" என்று மேடம் கேட்டார்.

பர்லின் கை கல்லாமேல் நின்றது.

"வாங்கினாரு. இருபத்தாறு வருஷம் இருக்கும். அவரு ஆலையில ராத்திரி ஷிப்டு, நீவா தனியா. ஒருத்தன் பின்கதவை உடைச்சு உள்ள வந்து, அவங்க கழுத்தை நெரிச்சுட்டுப் போனான். மறுநாளே மனுஷன் இங்க வந்து நின்னாரு. 'என் பொண்டாட்டி கைக்கு எது ஒத்து வரும்?'னு கேட்டாரு. நான்தான் அதைக் குடுத்தேன். நீவா நல்லாப் பழகிட்டாங்க. ஒரு சீசன்ல அவரைவிட அணில் அதிகமா அடிச்சாங்க. அதைச் சொல்லிச் சொல்லி மனுஷன் சந்தோஷப்படுவாரு."

"அப்ப அது நீவா அத்தையோட துப்பாக்கி."

"ஆமா. இன்னொண்ணு. இந்த ஏப்ரல்ல எல்பர்ட் வந்து நானூத்திப்பத்துத் தோட்டா அஞ்சு பெட்டியையும் திருப்பிக் குடுத்துட்டாரு. ஏன்னு கேட்டேன். 'நீவா இனிமே வேட்டைக்குப் போகலை பர்ல்'னாரு. கண்ணைத் துடைச்சுக்கிட்டாரு. அதுக்கு மேல நான் கேக்கல."

நீவாவுக்கு மறதி வந்து மூன்று வருஷம் ஆகிறது. ஊரில் எல்லோருக்கும் தெரியும், யாரும் பேசமாட்டோம். வண்டிக்குத் திரும்பும்போது என் வாயில் ஒரு கேலிகூட வரவில்லை. மேடம் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பாமல் உட்கார்ந்திருந்தார்.

"தோட்டாவை எல்லாம் ஒழிச்சாரு" என்றேன். "அப்ப நேத்து வெடிச்சது எங்கேர்ந்து வந்துச்சு?"

"அதைத்தான் அவரும் நேத்துலேர்ந்து யோசிச்சிட்டு இருப்பாரு" என்றார்.

லாக்கப்பில் எல்பர்ட் பெஞ்சில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். வைத்த பீன்ஸும் சோள ரொட்டியும் தொடாமல் ஆறிப்போயிருந்தன.

"நீவா சாப்பிட்டாளா?" என்பதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி.

"வில்டா அத்தை வீட்டுல இருக்காங்க மாமா. நல்லாத்தான் இருக்காங்க."

அதுதான் ஊரையே வாய்பிளக்க வைத்த விஷயம். கார்லிஸின் விதவை வில்டா, புருஷன் செத்த அன்று மத்தியானமே வந்து, அவரைச் சுட்டவரின் மனைவியைக் கைப்பிடித்துத் தன் வீட்டுக்கு அழைத்துப் போய்விட்டாள்.

மேடம் தக்கையை எடுத்து அவர் எதிரில் வைத்தார். அவர் அதைப் பார்த்தார். பிறகு பார்க்காததுபோல் சுவரைப் பார்த்தார்.

"இது உங்க இருபது நம்பர்ல நுழையறதுக்கு முன்னாடியே வெளிய வந்துடுது மாமா."

"பழசா இருக்கும்."

"ஆப்பிள் பழசு இல்லையே. மூலையில சாத்தி வெச்ச துப்பாக்கி எங்க?"

மேடம் அவசரப்படுத்தவில்லை. வெளியே யாரோ வண்டியைக் கிளப்பத் தடுமாறிக்கொண்டிருந்தார்கள். அது மூன்றாவது முயற்சியில் கிளம்பிப் போனபிறகுதான் அவர் வாய் திறந்தார்.

"குளத்துல" என்றார்.

"சொல்லுங்க."

"நான் விறகு பிளந்துட்டு இருந்தேன். நானூத்திப்பத்துச் சத்தம் பெருசாக் கேக்காது. காஞ்ச பலகை ஒடியற மாதிரி இருக்கும். அந்தச் சத்தம் எனக்குத் தெரியாதா? ஓடினேன். என்னால எவ்வளவு ஓட முடியும்? அவ சமையலறை நடுவுல நிக்கிறா. துப்பாக்கி கையில. 'யாரோ ஒருத்தன் உள்ள வந்துட்டான் எல்பர்ட். நில்லுன்னு சொன்னேன், நிக்கல. நீ சொன்ன மாதிரியே செஞ்சேன்'னா."

அவர் தன் உள்ளங்கைகளைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

"நான்தான் சொல்லிக் குடுத்தேன் அம்மாடி. தெரியாதவன் பின்வாசல்ல வந்தா, ஒரு தடவை நில்லுன்னு சொல்லு. ரெண்டாவது தடவை சொல்லாதேன்னு. எல்லாத்தையும் மறந்துட்டா. சில நாள் என் பேரே வராது. கார்லிஸை மூணு வாரமா 'ஐயா நீங்க யாரு'ன்னு கேக்கிறா. அதை மட்டும் மறக்கல."

"துப்பாக்கியை ஏன் வீட்டுல வெச்சிருந்தீங்க?"

"ஒரு நாள் எடுத்து ஒளிச்சு வெச்சேன். அன்னிக்குப் பூரா மூலைக்கும் கதவுக்கும் நடந்தா. அழுதா. அது அங்க இருந்தாத்தான் அவளுக்குத் தூக்கம் வரும். வெறும் துப்பாக்கிதானேன்னு திருப்பி வெச்சேன். தோட்டா அஞ்சு பெட்டியையும் குடுத்துட்டேன். மேசை டிராயரைப் பார்த்தேன். மாவு டப்பாவைக்கூடக் கொட்டிப் பார்த்தேன். அவளோட வேட்டைக் கோட்டைப் பாக்கல. நேத்துக் காலையில குளிருதுன்னா. நானே எடுத்துப் போட்டுவிட்டேன். பொத்தானையும் நானே மாட்டினேன்."

நான் ஆறிப்போன ரொட்டித் தட்டை எடுத்து ஓரமாக வைத்தேன். அதற்கு அவசியமே இல்லை.

"சர்ச்ல என்ன சண்டை?" என்று மேடம் கேட்டார்.

"அக்காவை ஏதாவது ஹோம்ல சேர்த்துடுங்க அத்தான், உங்களால முடியாதுன்னான் கார்லிஸ். அக்காவைத் தள்ளிவிடப் பாக்கிறியாடான்னு நான் தட்டை வீசினேன். அவன் சொன்னதுதான் சரி."

"மாமா, நீங்க ஜெயிலுக்குப் போனா அத்தையை யாரு பாத்துக்குவாங்கன்னு யோசிச்சீங்களா?"

"யோசிச்சுத்தான் போன் பண்ணினேன்." அவர் முதல்முறையாக மேடமின் கண்ணை நேராகப் பார்த்தார். "எனக்கு எழுபத்தொன்பது. எப்படியும் நான் முன்னாடி போயிடுவேன். அவளுக்கு வில்டாவை விட்டா வேற நாதி இல்ல. நான் சுட்டேன்னா வில்டா என்னைத்தான் வெறுப்பா. நீவாவைப் பாத்துப் பரிதாபப்படுவா. நீவா சுட்டான்னு தெரிஞ்சா, அவ கையால ஒரு வாய் சோறு போடுவாளா? நீயே சொல்லு. எந்தப் பொம்பளையாவது போடுவாளா?"

மேடம் தக்கையை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"வில்டாகிட்ட மட்டும் சொல்லாதே. உன் காலைப் பிடிக்கிறேன்."

"பொய்யை எழுதி என் கையெழுத்தைப் போட முடியாது மாமா" என்று மேடம் எழுந்தார். கதவருகே நின்று திரும்பினார். "சாப்பிடுங்க. அத்தை கேட்டா சாப்பிட்டாருன்னு சொல்லணும் நான்."

வில்டாவின் வீட்டுக்கு ஆறு மைல். வழிநெடுக ஓக் இலைகள் பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. மேடம் அந்த ஆறு மைலையும் அறுபது மைல்போல் ஓட்டினார். "எப்படிச் சொல்லப் போறீங்க?" என்று கேட்டேன். "தெரியல ஹாய்ட்" என்றார். பதினோரு வருஷத்தில் அவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை.

வீட்டுக்குள் அக்கம்பக்கத்துப் பெண்கள் கொண்டுவந்து வைத்த மூடிய பாத்திரங்கள் மேசை நிறைய இருந்தன. மறுநாள் அடக்கம். நீவா ஜன்னலோரம் உட்கார்ந்திருக்க, வில்டா பின்னால் நின்று அவள் தலையை வாரிக்கொண்டிருந்தாள். அறுபத்தொன்பது வயது, ஒடிசலான உடம்பு, அழுது வீங்கின முகம்.

"அத்தை, கொஞ்சம் தனியாப் பேசணும்."

"இங்கயே பேசு டெல்ஃபா. அண்ணியைத் தனியா விட முடியாது. கதவைத் தேடிப் போயிடறாங்க."

மேடம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "எல்பர்ட் மாமா சொன்னது உண்மை இல்ல அத்தை. நேத்து அங்க..."

"தெரியும்" என்றாள் வில்டா.

சீப்பு நிற்கவில்லை. முடியை மூன்றாகப் பிரித்து, பின்னத் தொடங்கினாள்.

"நேத்து மத்தியானமே தெரியும். வண்டியில ஏறினதும் அண்ணியே சொன்னாங்க. 'இன்னிக்கு ஒரு திருடனைச் சுட்டேம்மா, எல்பர்ட் வெளிய இருந்தான், நானே சமாளிச்சுட்டேன்'ன்னு. அரை மணிக்கு ஒரு தடவை சொல்றாங்க. சொல்லி முடிச்சதும், 'இன்னிக்கு வியாழக்கிழமை ஆச்சே, தம்பியை இன்னும் காணோமே'ன்னு கேக்கிறாங்க. கோட்டுப் பையில இன்னும் ரெண்டு தோட்டா இருந்துச்சு. அந்த அலமாரில வெச்சிருக்கேன். எடுத்துக்கோ."

நான் போய் எடுத்தேன். சின்னச் சிவப்புத் தோட்டாக்கள். கையில் கனமே இல்லை.

"ஏன் எங்ககிட்ட சொல்லல அத்தை?"

"எல்பர்ட் அண்ணன் எதுக்காக உள்ள போனாருன்னு எனக்குப் புரிஞ்சுது. நான் இவங்களைக் கைவிடக் கூடாதுன்னுதானே? எனக்குத் தெரியும்னு சொல்லிட்டா அவரு போனது வீணாப் போயிடுமேன்னு இருந்துச்சு." அவள் பின்னலை முடித்து நூலால் கட்டினாள். "உண்மையைச் சொல்லிடறேன் டெல்ஃபா. நான் ஒண்ணும் தெய்வம் இல்ல. வண்டியில கேட்டதும் ஓரமா நிறுத்திட்டேன். இறங்குங்கன்னு சொன்னேன். இறங்கினாங்க. ரோட்டோரத்துல நிக்க வெச்சுட்டுக் கிளம்பிட்டேன். அரை மைல் போயிருப்பேன்."

"அப்புறம்?"

"திரும்பி வந்தேன். விட்ட இடத்துலயே நிக்கிறாங்க. என்னைத் தெரியல. 'அம்மா, எனக்கு வழி தெரியல. என் தம்பி கார்லிஸ் வீடு இங்கதான் பக்கத்துல. அங்க கொண்டுபோய் விட்டுடுங்க, அவன் என்னைப் பாத்துக்குவான்'னாங்க."

வில்டா நெற்றியைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "நான் கொண்டு வந்து விட்டேன். அவ்வளவுதான்."

நீவா எங்கள் பக்கம் திரும்பிப் புன்னகைத்தாள். அழகான, சுத்தமான முகம். "சாப்பிட்டுப் போங்க" என்றாள்.

அன்று மாலையே வில்டா ஆபீஸுக்கு வந்து நடந்ததைச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். குளத்தில் முழங்கால் ஆழத்தில் நானூத்திப்பத்து கிடைத்தது. டாக்டரின் சான்றிதழைப் பார்த்தபிறகு அரசு வக்கீல் நீவாமேல் வழக்குப் போடவில்லை. எல்பர்ட் சொன்ன பொய்யை என்ன செய்வது என்று பேனாவை உருட்டிக்கொண்டே இருந்தவர், கடைசியில் ஃபைலை மூடிவிட்டு, "அடக்கத்துக்கு எத்தனை மணிக்கு?" என்று கேட்டார்.

லாக்கப்பைத் திறந்தபோது எல்பர்ட் வெளியே வர மறுத்தார். "வில்டாவுக்குத் தெரிஞ்சிடுச்சா?" என்று மட்டும் கேட்டார். வாசலில் வில்டா நின்றாள். "வாங்கண்ணே, அண்ணி உங்களைத் தேடறாங்க" என்று சொல்லி அவர் கோட்டை நீட்டினாள். அவர் கை கோட்டுக்குள் நுழைய வெகுநேரம் ஆயிற்று.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு அடக்கம். சர்ச் நிரம்பி வழிந்தது. மூவரும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். எல்பர்ட் ஒரு பக்கம், வில்டா ஒரு பக்கம், நடுவில் நீவா. யாரும் யாரையும் பார்த்துக் கிசுகிசுக்கவில்லை. எங்கள் ஊருக்கு அது பெரிய காரியம்.

கடைசியாக முகம் பார்க்கும் நேரம் வந்தது. எல்பர்ட் தயங்கினார். வில்டாதான் நீவாவின் கையைப் பிடித்துப் பெட்டியருகே அழைத்துப் போனாள். நானும் மேடமும் இரண்டு வரிசை பின்னால் நின்றிருந்தோம். எல்லாம் காதில் விழுந்தது.

நீவா குனிந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். மூன்று வாரமாக, உயிரோடு எதிரில் நின்றபோதெல்லாம் தெரியாத முகம்.

"இது நம்ம கார்லிஸ் இல்ல?" என்றாள்.

"ஆமா அண்ணி."

"என் தம்பி." அவள் அவர் கன்னத்தைத் தொட்டாள். "என்ன ஆச்சு இவனுக்கு? யாரு இப்படிப் பண்ணினா?"

எல்பர்ட் எழுந்து நின்றார். உதடுகள் அசைந்தன. 'நான்தான்' என்று சொல்ல வருகிறார் என்பது அங்கே இருந்த எல்லோருக்கும் தெரிந்தது. வில்டா அவரைத் திரும்பிப் பார்த்து மெதுவாகத் தலையை ஆட்டினாள். வேண்டாம் என்று.

"யாரும் ஒண்ணும் பண்ணல அண்ணி" என்றாள். "வயசாயிடுச்சு. தூக்கத்துல போயிட்டாரு. வலியே இல்ல."

நீவா அழுதாள். வாய்விட்டு அழுதாள். வில்டா அவளைத் தோளில் சாய்த்துக்கொண்டாள். அழுகை ஓய்ந்தது. நீவா கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து பெட்டிக்குள் பார்த்தாள். மறுபடியும் அந்த முகத்தைக் கண்டாள்.

"இது நம்ம கார்லிஸ் இல்ல?" என்று கேட்டாள். "என்ன ஆச்சு இவனுக்கு?"

வில்டா அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டு, முதல் தடவை சொல்வதுபோலவே சொன்னாள்.